கை நடுங்கினால் கவனியுங்கள்: லித்தியம் மாத்திரையும் உடல் அசைவும்

லித்தியம் மாத்திரை உட்கொள்ளும் ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கினால், குடும்பத்தார் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். சிலர் அஞ்சி, மருத்துவரைக் கேளாமலே மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். சிலர், ‘மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் இருக்கும்’ என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, நடுக்கம் முற்றும்வரை காத்திருக்கின்றனர். இரண்டுமே தீங்கு தரக்கூடியவை. முதலாவது அடங்கியிருந்த மனநோயை மீண்டும் கிளப்பிவிடும். இரண்டாவது சிறுமூளைக்கு நிலையான சேதத்தை உண்டாக்கிவிடலாம்.

பொறுத்துக்கொள்ளத்தக்க நடுக்கம் எது, ஒரு நாளும் பொறுக்கக்கூடாத நடுக்கம் எது என்று பிரித்தறிவது கடினமன்று. மருத்துவப் படிப்பு இல்லாதவரும் கற்றுக்கொள்ளலாம். ஜவ்வாது மலையின் ஊர்களில் வாழும் குடும்பங்களுக்கு இந்த அறிவு இன்னும் தேவையானது. இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்க்கும் வசதி எல்லாச் சிறிய ஆய்வகங்களிலும் இல்லை; மலையிலிருந்து இறங்கி வந்து, மீண்டும் ஏற ஒரு நாள் கூலி போய்விடுகிறது. ஆகவே இரண்டு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் நோயாளியைக் காப்பது உடனிருப்பவரின் கண்களே.

உப்பின் உறவினன்

லித்தியம் ஓர் இயற்கைத் தனிமம். நாம் உணவில் சேர்க்கும் உப்பில் உள்ள சோடியத்துக்கு நெருங்கிய உறவு. இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளோருக்கு, அளவு கடந்த எழுச்சியும் ஆழ்ந்த மனச்சோர்வும் மாறி மாறி வருவதைத் தடுக்க இது கொடுக்கப்படுகிறது. தற்கொலை எண்ணத்தைக் குறைப்பதில் இதற்கு இணையான மருந்துகள் மிகச் சிலவே. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மருத்துவர்கள் இதனைக் கைவிடாததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் இம்மருந்துக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள வெளி மிகக் குறுகியது. நீண்ட காலம் உட்கொள்வோரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருப்பது பெரும்பாலும் போதுமானது. எழுச்சி மிகுந்த நாட்களில் மருத்துவர் இதனைச் சற்று உயர்த்தி வைப்பார். 1.5-ஐத் தாண்டினால் நச்சுக் குறிகள் தோன்றலாம். 2-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. முதியோருக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே குறிகள் தென்படும்.

உட்கொண்ட லித்தியம் ஏறத்தாழ முழுவதும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. உடலில் நீரும் உப்பும் குறையும்போது சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. லித்தியத்தையும் சோடியம் போலவே அது கையாள்வதால், அதனையும் சேர்த்தே இழுத்து வைத்துக்கொள்கிறது. மாத்திரையின் எண்ணிக்கை மாறாதிருக்க, இரத்தத்தில் மட்டும் அளவு ஏறிவிடுகிறது. இக்கட்டுரையில் பின்னே சொல்லப்படும் எச்சரிக்கைகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறப்பவை.

1949ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மிகை எழுச்சி நிலையில் இருந்த பத்து நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்துக் கண்ட நற்பயனை மருத்துவ இதழில் வெளியிட்டார். அவருடைய முதல் நோயாளி பல ஆண்டுகளாக நோயில் உழன்றவர்; மருந்தால் தேறி வீடு திரும்பினார். பின்னர் மருந்தை விட்டுவிட்டார், நோய் திரும்பியது. மீண்டும் மருந்து தொடங்கப்பட்டது. 1950இல் அவர் லித்தியத்தின் நச்சு விளைவால் இறந்தார். நிறுத்துவதால் வரும் கேடும், மிகுவதால் வரும் கேடும் அந்த ஒரே மனிதரின் வாழ்வில் நேர்ந்தன. அந்நாளில் இரத்தத்தில் லித்தியத்தை அளந்து பார்க்கும் வழக்கம் இருக்கவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. இதய நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளோர் உப்பைத் தவிர்க்க வேண்டும் என்பதால், அவர்களுக்கு மாற்று உப்பாக லித்தியம் குளோரைடு கடைகளில் விற்கப்பட்டது. சோடியம் இல்லாத உணவுடன் லித்தியத்தைத் தாராளமாகத் தூவி உண்டவர்களுக்குக் கை நடுங்கியது, நடை தள்ளாடியது, பார்வை மங்கியது. சிலர் உயிரிழந்தனர். 1949இல் அந்தப் பொருள் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது.

1954இல் டென்மார்க்கின் மோகன்ஸ் ஸ்கௌவும் அவருடைய குழுவினரும் நடத்திய முறையான ஆய்வு லித்தியத்தின் பயனை உறுதிப்படுத்தியது. இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்கும் முறை வந்த பிறகே அது பாதுகாப்பான மருந்தாயிற்று. அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது 1970இல்தான். ஆகவே இரத்தப் பரிசோதனையை மாத்திரையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

பொறுக்கத்தக்க நடுக்கம்

லித்தியம் உட்கொள்வோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மெல்லிய கை நடுக்கம் ஏற்படுவதாகப் பொதுவாகக் கணக்கிடுகின்றனர். கைகளை முன்னே நீட்டும்போது விரல் நுனிகள் விரைவாகவும் சிறிதாகவும் அதிரும். தேநீர்க் குவளையை ஏந்தும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும், கையெழுத்திடும்போதும் தெரியும். மடியில் கையை வைத்து ஓய்ந்திருக்கும்போது மறைந்துவிடும். இரண்டு கைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலோ, அளவு கூட்டப்பட்ட பின்னரோ தோன்றுவது வழக்கம். பதற்றமும் தூக்கமின்மையும் மிகுதியான காப்பியும் இதனைக் கூட்டும்.

இது அபாயமன்று, ஆயினும் மருத்துவரிடம் சொல்லத்தக்கது. பிறர் முன்னிலையில் சோற்றைப் பிசைந்து உண்ணக் கூச்சப்பட்டே மருந்தை விட்டவர்கள் உண்டு. மருந்தின் அளவைச் சிறிது குறைத்தல், மெல்ல மெல்லக் கரையும் வகை மாத்திரைக்கு மாற்றுதல், ஏற்றவர்களுக்கு ப்ரோப்ரனலால் சேர்த்தல் என்று வழிகள் பல இருக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ப்ரோப்ரனலால் ஆகாது; ஆகவே அதனைக் கடையில் தாமாக வாங்கக் கூடாது. வால்ப்ரோயேட் முதலிய பிற மருந்துகளும் நடுக்கத்தைக் கூட்டக்கூடும். எனவே உண்ணும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் எடுத்துக் காட்டுங்கள்.

ஒரு நாளும் பொறுக்கக்கூடாதவை

கீழ்வருவனவற்றில் எதைக் கண்டாலும், ‘நாளை பார்க்கலாம்’ என்று இராதீர்கள்.

• முன்பு மெல்லியதாக இருந்த நடுக்கம் பெரிதாகி, குவளையிலுள்ள நீர் சிந்துதல். கை மட்டுமன்றிக் கால், தாடை முதலியனவும் நடுங்குதல்.
• குடித்தவரைப் போல் நடை தள்ளாடுதல், திரும்பும்போது சாய்தல், கால்களை அகட்டி வைத்து நடத்தல்.
• நாக்குக் குழறுதல். சொற்கள் இழுபட்டு வருதல்.
• உடலின் தசைகள் திடீர் திடீரெனத் துள்ளுதல்.
• கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு.
• மிகுந்த உறக்கம், குழப்பம், வலிப்பு.

இவை தோன்றினால் அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல், உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 108 ஆம்புலன்சை அழையுங்கள். மாத்திரை அட்டையையும் மருத்துவக் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ‘இவர் லித்தியம் சாப்பிடுகிறார்’ என்ற ஒரு வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். தள்ளாடி நடப்பவரைக் குடித்திருப்பதாக எண்ணித் திருப்பி அனுப்பாமல் இருக்க அந்த ஒரு வாக்கியம் உதவும். நரம்பில் நீரேற்றுவதும், கடுமையான நிலையில் டயாலிசிஸ் மூலம் லித்தியத்தை இரத்தத்திலிருந்து நீக்குவதும் இதற்குரிய சிகிச்சை.

இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். நெடுநாள் மருந்து உட்கொண்டவருக்கு, இரத்த அளவு ‘சரியான’ எல்லைக்குள் இருக்கும்போதும் நச்சுக் குறிகள் தோன்றக்கூடும். மூளையிலுள்ள அளவு இரத்த அளவோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆகவே ஆய்வக அறிக்கையில் எண் நன்றாக இருந்தாலும் நடை தள்ளாடினால், நடைக்கே முதலிடம் கொடுங்கள்.

மீளாத பாதிப்பு

லித்தியம் மிகுதியானவர்களில் பெரும்பாலோர் தக்க சமயத்தில் சிகிச்சை பெற்று முழுமையாகத் தேறுகின்றனர். சிலருக்கு மட்டும், மருந்தை நிறுத்தி இரண்டு மாதங்களுக்கு மேலாகியும் தள்ளாட்டமும் குழறலும் நீங்காமல் நிலைத்துவிடுகின்றன. இந்நிலைக்கு 1987இல் அதித்யாஞ்ஜீ என்ற மனநல மருத்துவர் ஒரு பெயர் சூட்டினார். அப்பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘சைலண்ட்’ என்று வரும். பெரும்பாலும் பாதிக்கப்படுவது சிறுமூளை. கை கால்களின் அசைவை ஒழுங்குபடுத்தி, நடைக்குச் சமநிலை தருவது அது. அங்கே அழிந்த உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை.

இது அரிதானது. எனினும் கடுங்காய்ச்சலோடு சேர்ந்து லித்தியம் மிகும்போதும், வேறு சில மனநோய் மருந்துகளோடு சேரும்போதும் இதற்கான வாய்ப்புக் கூடுவதாகக் கண்டிருக்கின்றனர். ஒரு நாள் தாமதம் சிலருக்கு வாழ்நாள் முழுதும் ஊன்றுகோலாகிவிடலாம் என்பதனாலேயே மேற்கண்ட குறிகளை இத்தனை அழுத்திச் சொல்கிறோம்.

பார்க்கின்சன் நோயா, மருந்தின் விளைவா?

‘என் தந்தைக்கு லித்தியத்தால் நடுக்குவாதம் வந்துவிட்டதா?’ என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பார்க்கின்சன் நோயின் நடுக்கம் கை ஓய்ந்திருக்கும்போது மிகும், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும், மெதுவானது. அதோடு உடல் விறைப்பு, செயலில் மந்தம், சிறுத்துப்போகும் கையெழுத்து, உணர்ச்சி குன்றிய முகம் ஆகியனவும் சேரும். லித்தியத்தின் வழக்கமான நடுக்கம் இவ்வாறு இராது.

ஆயினும் முதியோர் சிலருக்கு, பல்லாண்டுகள் லித்தியம் உட்கொண்ட பின்னர், பார்க்கின்சனை ஒத்த மந்தமும் விறைப்பும் தோன்றுவது உண்மை. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளால் இது நேர்வது இன்னும் மிகுதி. லித்தியத்தோடு அவையும் கொடுக்கப்படுவதால் எது காரணம் என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. மருந்தால் வந்தது என்றால், மருந்தை மாற்றினால் பெரும்பாலும் குறையும். பார்க்கின்சன் நோய் என்றே தவறாகக் கருதி, இருக்கும் மாத்திரைகளோடு அதற்கான மாத்திரையையும் சேர்த்துவிட்டால், எழுச்சியும் மாயத் தோற்றங்களும் கிளம்பலாம். ஆகவே மனநல மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் ஒரே குறிப்பேட்டைப் பார்க்கும்படி செய்யுங்கள்.

தண்ணீரிலும் பேட்டரியிலும் உள்ள லித்தியம்

செல்பேசி பேட்டரியில் லித்தியம் இருக்கிறதே, நிலத்தடி நீரிலும் இருக்கிறதாமே, அதனால் நடுக்கம் வருமா என்று கேட்போர் உண்டு. 300 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 56 மில்லிகிராம் லித்தியம் உள்ளது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரே ஒரு மாத்திரைக்கு ஈடாக 5,600 லிட்டர் நீரைப் பருக வேண்டும். எனவே கிணற்று நீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. செல்பேசியைக் கையில் வைத்திருப்பதால் லித்தியம் உடலுக்குள் புகுவதில்லை. பொத்தான் போன்ற சிறு பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் அது வேறு வகை அவசரம்: உணவுக்குழாய் புண்ணாகிவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மலையில் வாழ்வோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை

நீரும் உப்பும்: கோடையில் காட்டிலோ வயலிலோ வேலை செய்து வியர்த்தால், வெறும் நீர் மட்டும் போதாது, உப்பிட்ட மோர், சாமைக் கஞ்சி, கூழ் ஆகியன நல்லவை. உணவில் உப்பை ஒரேயடியாகக் குறைப்பதும், ஒரேயடியாகக் கூட்டுவதும் வேண்டாம். இரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறைக்கச் சொன்னால், லித்தியம் உட்கொள்வதைச் சொல்லி, இரத்த அளவைப் பார்த்துக்கொண்டே படிப்படியாகக் குறையுங்கள்.

விரதமும் கிரிவலமும்: திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நீர் அருந்தாமல் விரதமிருந்து அதனை நடப்பது லித்தியம் உட்கொள்வோருக்கு ஏற்றதன்று. பத்தி குறைய வேண்டாம். நீரும் உணவும் எடுத்துக்கொண்டு நடக்கலாம்.

வாந்தி, பேதி, காய்ச்சல்: ஓ.ஆர்.எஸ். கரைசலை உடனே தொடங்குங்கள். அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, குணமாகும்வரை லித்தியத்தை நிறுத்திவைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

வலி மாத்திரைகள்: சுமை தூக்கி இடுப்பு வலித்தால் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகியவை லித்தியத்தின் அளவை உயர்த்தும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது.

இரத்தக் கொதிப்பு மாத்திரைகள்: எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ஹைட்ரோகுளோரோதையசைடு ஆகியவையும் லித்தியத்தை உயர்த்தும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெரும் நன்மை இது. ஆனால் கொண்டுவரும் தன்னார்வலரிடமும் செவிலியரிடமும், ‘இவர் லித்தியமும் சாப்பிடுகிறார்’ என்று கட்டாயம் தெரிவியுங்கள். இரண்டு மருந்துகளையும் வெவ்வேறு மருத்துவர்கள் எழுதியிருக்கும்போது, இரண்டையும் ஒருசேரக் காண்பவர் வீட்டிலிருப்பவர் மட்டுமே.

மூலிகைக் கஷாயம்: சிறுநீரைப் பெருக்கும் கஷாயங்கள் உடலின் நீரையும் உப்பையும் குறைத்துவிடக்கூடும். கேட்ட பிறகே கொடுங்கள்.

வெளியூர் வேலை: மலையைவிட்டுப் பல வாரங்கள் வேலைக்குச் செல்வோர், போதிய மாத்திரைகளையும் குறிப்பேட்டின் நகலையும் எடுத்துச் செல்ல வேண்டும். புறப்படும் முன் ஒரு முறை இரத்த அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக எடுக்கக் கூடாது.

பரிசோதனைக்கு இறங்கி வரும் நாளில்

கடைசி மாத்திரை உட்கொண்டு 12 மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தமே சரியான அளவைக் காட்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கி, ஆய்வகத்தை அடையக் காலை பத்து மணி ஆகும் என்றால், முந்தைய இரவு மாத்திரையைப் பத்து மணிக்கு எடுங்கள். காலை மாத்திரையைக் கையில் கொண்டுவந்து, இரத்தம் கொடுத்த பிறகு விழுங்குங்கள். மருந்து தொடங்கியபோதும் அளவு மாற்றியபோதும் ஒரு வாரத்தில் பரிசோதனை தேவை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நிலைபெற்ற பின் சிலருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றையும் சேர்த்தே பாருங்கள். கருவுற்றிருப்பவரும், கருவுற எண்ணுபவரும், பாலூட்டும் தாயும் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறுவது கட்டாயம்.

வீட்டிலேயே மாதம் ஒரு முறை

ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். மாதத்தின் முதல் நாளில், தேதியிட்டு, நோயாளியைத் தம் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுதப் பழகாதவர், நடுவிலிருந்து வெளியே விரியும் ஒரு சுருளை வரையட்டும். பின்னர் விளிம்புவரை நீர் நிறைந்த குவளையை ஏந்தித் திண்ணையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கட்டும். அடுத்து, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்களைத் தொட வைத்து, நேர்கோட்டில் பத்தடி நடக்கட்டும். விழாதபடி ஒருவர் அருகில் நில்லுங்கள். சிந்திய நீரையும், சாய்ந்த நடையையும் அதே பக்கத்தில் குறித்துவையுங்கள். போன மாதப் பக்கத்தோடு இந்த மாதப் பக்கத்தை ஒப்பிட்டால், நாள்தோறும் பார்ப்பதால் கண்ணுக்குத் தப்பும் மாற்றமும் புலப்பட்டுவிடும். அந்த நோட்டுப் புத்தகத்தை மருத்துவரிடம் கொண்டு வாருங்கள். பத்து நிமிட ஆலோசனையில் ஆறு மாத வரலாற்றை அது சொல்லிவிடும்.

நிறுத்துவது பற்றி ஒரு சொல்

அவசரக் குறிகள் தோன்றும்போது ஒரு வேளை மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவமனைக்கு விரைவது வேறு. கை நடுங்குகிறதே என்று தாமாக மருந்தைக் கைவிடுவது வேறு. திடீரென நிறுத்தினால் நோய் முன்னிலும் வேகமாகத் திரும்புவதும், தற்கொலை எண்ணம் தலைதூக்குவதும் உண்டு. நிறுத்தத்தான் வேண்டும் என்றால், மருத்துவர் பல வாரங்கள் எடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். இரவில் மனம் அலைபாய்ந்து, பேச ஆளில்லாதபோது 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இன்றிரவு மாத்திரையைக் கொடுக்கும்போது, ‘கையை நீட்டுங்கள், பார்க்கிறேன்’ என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். இன்று காணும் நடுக்கத்தின் அளவை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.